நெட்டு வெலையில கவர்மெண்டு கை வெக்கலாமா?

பல்லடத்து அண்ணன் ஒருத்தர் கேட்டது, 6.7.2025

போன வருசம் ஜூலையில 239 ரூபா ரீசார்ஜ் 299 ஆச்சு. அதுல இருந்து எங்க குரூப்புல தினமும் ஒருத்தர் நெட்டு வெலையை கவர்மெண்டே நிர்ணயம் பண்ணோணும்னு போட்டுட்டே இருக்காங்க. எனக்கு ஒப்பலீங்க. தறிக் கூலிக்கு கலெக்டர் ஆபீஸ்ல ஒக்காந்து ஒப்பந்தம் போட்டே சொன்ன கூலி கைக்கு வர்றதில்ல, இதுல நெட்டுக்கு வேறயா? லைன் போட்டவன் காசு போட்டிருக்கான், வெலையை அவன் வெக்கட்டும். யூடியூப்புக்கு ஒரு ரேட்டு, வாட்ஸ்அப்புக்கு ஒரு ரேட்டுன்னு வெச்சாக்கூட என்ன தப்பு? ஓட்டல்ல இட்லிக்கு ஒரு வெலை, தோசைக்கு ஒரு வெலை இல்லீங்களா?

6.7.2025, ராத்திரி 10.50

அண்ணா, இதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆவோணும், ஏன்னா நான் நம்பியூர் பக்கம் கேபிள் லைன் ஓட்டறவன். 2003-ல அப்பாவுக்கு ஏணி புடிச்சு ஆரம்பிச்சது, 2017-ல ஒரு கம்பெனிகிட்ட பிராஞ்சைஸ் எடுத்து பைபர் இழுத்து நெட்டும் குடுக்க ஆரம்பிச்சோம், இன்னைக்கு 310 ஊடு ஓடுது.

இட்லி தோசை கணக்கு இங்க பொருந்தாதுங்க. இட்லி சுடறது வேற ஆளு. நாங்க அதை தூக்கீட்டு வந்து ஊட்டு வாசல்ல வெக்கற ஆளு. தூக்குக்கு எவ்வளவு கூலின்னு கேக்கறது ஞாயம். தூக்குக்குள்ள என்ன இருக்குதுன்னு தொறந்து பாத்துட்டு, இது இட்லி அதனால அஞ்சு ரூபா, இது பக்கத்து கடை தோசை அதனால இருவதுன்னு சொன்னா அது என்ன ஞாயம்?

நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி கலந்து கெடக்குது. எவ்வளவுங்கறது ஒண்ணு. எதுக்குங்கறது இன்னொண்ணு. மாசம் 299-ஆ 399-ஆங்கறதுல கவர்மெண்டு வர வேண்டாம்னு நானும் சொல்றேன். ஆனா எந்த ஆப்புக்கு எவ்வளவுன்னு லைன்காரன் பிரிக்கறதை கவர்மெண்டு தடுத்தே ஆவோணும். எல்லா ஆப்பையும் ஒண்ணா நடத்தோணும்ங்கற இதுக்குத்தான் நெட் நியூட்ராலிட்டின்னு பேரு. வாய்க்கால் பாசனத்துல இருக்கறவங்களுக்கு இது சொல்லாமயே புரியும். மதகு தொறந்தா தண்ணி போவுது, உன்ற வயல்ல மஞ்சளா நெல்லான்னு மதகு தொறக்கற லஸ்கர் வந்து கேக்கறதில்ல.

7.7.2025, காலைல

ஒண்ணு உட்டுப்போச்சு. இந்த ரெண்டாவது விசயத்துக்கு ஏற்கெனவே சட்டம் இருக்குது, பாதிப் பேருக்கு தெரியறதில்ல. 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய், அதாவது டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம், போட்ட விதி. உள்ள இருக்கற சமாச்சாரத்தைப் பாத்து டேட்டாவுக்கு வேற வேற ரேட்டு வெக்கக் கூடாது. மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபா அபராதம், மொத்தமா 50 லட்சம் வரைக்கும். வெள்ளம் புயல்னு அவசரம் வந்தா மட்டும் அதுக்கான சேவையை கொறைச்ச ரேட்ல குடுக்கலாம்.

அது வர்றதுக்கு முன்னால ஒரு வருசம் பெரிய கூத்து நடந்துச்சுங்க. 2014 டிசம்பர்ல ஏர்டெல், நெட்டு வழியா பேசற காலுக்கு தனி ரேட்டுன்னு அறிவிச்சு, ஜனங்க சத்தம் போட்டதும் வாபஸ் வாங்குனாங்க. 2015-ல பேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேந்து இண்டர்நெட் டாட் ஆர்க்னு கொண்டாந்தாங்க, மொதல்ல வந்த ஆறு மாநிலத்துல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு. முப்பது சொச்சம் சைட்டு ஓசி, மத்ததுக்கெல்லாம் காசு. பேரை ப்ரீ பேசிக்ஸ்னு மாத்தி பேப்பர்ல முழுப் பக்கம் விளம்பரம் குடுத்தாங்க. பேக்கரில எங்கூட டீ குடிக்கற பையன் ஒருத்தன் அதைப் போட்டிருந்தான். "அண்ணா எனக்கு நெட்டு ஓசி"ங்கறான். சரி, நம்ம மஞ்சள் மார்க்கெட் ரேட்டு பாரு கண்ணுன்னேன். அது அந்த முப்பதுக்குள்ள இல்ல. அவனுக்கு நெட்டுன்னாலே அவ்வளவுதான்னு நெனப்பு. அன்னைக்கு எனக்கு அது பெருசா படல. இப்ப படுது.

9.7.2025, பொழுதோட

காங்கேயத்து தம்பி கேட்டிருந்தாரு, வீடியோ பாக்கறவன் அதிகமா இழுக்கறான், வாட்ஸ்அப் மட்டும் பாக்கறவன் கொஞ்சூண்டு இழுக்கறான், ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டுன்னா அது மட்டும் ஞாயமான்னு.

நல்ல கேள்விங்க, அதுக்கு எங்க தொழில் எப்படி ஓடுதுன்னு சொல்லோணும். நான் மேல இருக்கற கம்பெனிகிட்ட ஜிபி கணக்குல வாங்கறதில்ல. எம்பிபிஎஸ் கணக்குல வாங்கறேன், அதாவது குழாய் எத்தனை அகலம்ங்கற கணக்கு. மாச வாடகை. அதுல தண்ணி ஓடுனாலும் ஓடாட்டியும் வாடகை அதேதான். காலைல பதினோரு மணிக்கு ஊரே தோட்டத்துலயும் பனியன் கம்பெனிலயும் இருக்கறப்போ என்ற குழாய் முக்காவாசி காலி. அந்நேரம் ஒரு பாட்டி பத்து ஜிபி சீரியல் பாத்தாலும் எனக்கு ஒரு பைசா செலவு எச்சா இல்ல. பொழுது சாஞ்சு எட்டு மணில இருந்து பத்து மணி வரைக்கும்தான் நெரிசல். ஐபிஎல் நாள்னா கேக்கவே வேண்டாம். குழாயை பெருசு பண்ண வெக்கறது அந்த ரெண்டு மணி நேரம்தான், என்ற செலவே அதுதான். அணைல தண்ணிய தேக்கி வெச்சு அப்பறம் உடலாம், நெட்டை அப்படி தேக்க முடியாது, காலைல ஓடாத எம்பிபிஎஸ் பொழுதோட திரும்பி வராது.

அதனால ஜிபிக்கு இவ்வளவுன்னு சொல்றதே செலவுக்கு சம்பந்தமில்லாத கணக்கு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அர்த்த ராத்திரி 12 மணிக்கு மிச்சம் காலி, இதெல்லாம் வெலை வெக்கற தந்திரம்ங்க, செலவு அப்படி இல்ல. நெரிசல் நேரத்துக்கு ஒரு ரேட்டு, மத்த நேரத்துக்கு ஒரு ரேட்டுன்னு எல்லா ஆப்புக்கும் ஒண்ணா வெச்சா அதுல நான் தப்பு சொல்ல மாட்டேன். நேரத்தைப் பாத்து வெலை வை. உள்ள இருக்கறதைப் பாத்து வெக்காத.

குழாய்க்கு மேல என்ற மத்த செலவு என்ன தெரியுங்களா? ஜேசிபி. குடிதண்ணி பைப்புக்கு தோண்டறேன்னு பைபரை அறுத்து உட்டுட்டு போயிருவாங்க. தோண்டறதுக்கு முன்னால சொல்லோணும்னு விதி இருக்குது, ஆனா எங்ககிட்ட யாரும் சொல்றதில்ல.

9.7.2025, ராத்திரி 11.15

முதல் நாள் வாய்க்கால் பத்தி எழுதுனதுல ஒரு தப்பு. இதை எங்க பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். அவருக்கு கீழ்பவானி வாய்க்கால்ல அஞ்சு ஏக்கர். "ஏன்டா, பயிரைப் பாக்கறதில்லைன்னு யாரு சொன்னது? ஆகஸ்ட்ல ஒருத்தருக்கு நெல்லுக்கு உடறாங்க, ஜனவரில இன்னொருத்தருக்கு கடலைக்கும் எள்ளுக்கும்தான் உடறாங்க, நஞ்சை புஞ்சைன்னு பிரிச்சுத்தானே வெச்சிருக்கான்"னாரு.

அவரு சொல்றதுதான் சரி. ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர், பாதிக்கு ஒரு போகம் நஞ்சை, மீதி பாதிக்கு அடுத்த போகம் புஞ்சை, மறு வருசம் மாத்தி. ஆழியாறு பரம்பிக்குளத்துலயும் நாலு மண்டலமா பிரிச்சு முறை வெச்சுத்தான் உடறாங்க. தண்ணி பத்தாதப்போ எதுக்கு உடறதுங்கற கேள்வி வரத்தான் செய்யுது.

ஆனா பெரியப்பாவே இன்னொண்ணும் சொன்னாரு. அந்த முறை அரசாணைல இருக்குது, எந்த மதகு எந்த வருசம்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் வெதைக்கறோம். லஸ்கரா பாத்து ராத்திரில மதகை எறக்குனா ஊரே திரண்டு போயிரும்னாரு. அப்ப நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். பிரிக்கற அதிகாரம் யாருகிட்ட இருக்குது, பிரிச்சது எல்லாருக்கும் தெரியுமா? பயிரைப் பாக்கறாங்களா இல்லையாங்கறது ரெண்டாவதுதான்.

12.7.2025

பல்லடத்து அண்ணன் உட மாட்டேங்கறாரு. கரண்டுக்கு ஊட்டுக்கு ஒரு ரேட்டு, தறிக்கு ஒரு ரேட்டு, தோட்டத்து மோட்டாருக்கு இலவசம், ஒரே கம்பில வர்ற கரண்டுதானே, அதுல பிரிக்கலாம் நெட்டுல பிரிக்கக் கூடாதான்னு கேட்டிருக்காரு.

இதுக்கு ரெண்டு நாள் யோசிச்சேன். ஒண்ணு, கரண்டு ரேட்டை மின்வாரியம் தானா வெக்கறதில்ல, ஒழுங்குமுறை ஆணையம் வெக்குது, அதுக்கு முன்னால ஜனங்களைக் கூப்புட்டு கருத்துக் கேக்குது. தறிக்கு 1000 யூனிட் இலவசம்ங்கறது கவர்மெண்டு முடிவு, புடிக்கலைன்னா ஓட்டுல காட்டலாம். ரெண்டாவது, மின்வாரியத்துக்கு சொந்தமா தறி கெடையாது. இதுதான் பெருசு. மின்வாரியமே நாலு தறிக்குடோன் வெச்சு ஓட்டீட்டு, அதுக்கு கொறைச்ச ரேட்டும் உங்க தறிக்கு கூடுன ரேட்டும் போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா அண்ணா? நெட்டு கம்பெனிக்காரங்க சொந்தமா ஓடிடி, சினிமா, கிரிக்கெட்டு, பாட்டு, கடைன்னு எல்லாம் வெச்சிருக்காங்க.

கரண்டு ரேட்டுக்காக நம்ம ஊர்ல உசுரே போயிருக்குதுங்க. 1970-ல மின் கட்டண உயர்வை எதுத்து நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க, அங்க நினைவுத் தூண் இருக்குது. 1972-ல விவசாய சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமைல கோயமுத்தூர் ரோடெல்லாம் மாட்டு வண்டி நிறுத்துனதை எங்க அப்பாரு கதையா சொல்லுவாரு. பைசாக் கணக்கு உயர்வுதான். அதுக்கு அவ்வளவு நடந்துச்சு, ஏன்னா போய் கேக்கறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. கம்பெனி கஸ்டமர் கேர்ல ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு சொல்ற குரலுகிட்ட போயி மாட்டு வண்டியை நிறுத்த முடியாதுங்க.

13.7.2025, ஞாயித்துக்கெழம

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா வெசனமா இருந்துச்சு. லைன்காரன் பிரிக்கக் கூடாதுன்னு இத்தனை அழுத்தமா சொல்றியே எதனாலன்னு கேட்டா, நானே பிரிச்சிருக்கேன்.

2020 லாக்டவுன். அப்ப என்கிட்ட 140 ஊடு, மேல இருந்து வாங்கற குழாய் 200 எம்பிபிஎஸ். திருப்பூர் பெங்களூர்ல வேலை பாத்த பசங்க எல்லாம் ஊருக்கு வந்து ஊட்டுல ஒக்காந்து வேலை செய்யறாங்க, ஸ்கூல் புள்ளைங்க ஊட்டுல, பெரியவங்க ஊட்டுல, பொழுதோட ஆனா லைன் திக்குது. மீட்டிங் கட்டாவுதுன்னு நாலஞ்சு பேரு போன்ல கத்துனாங்க. ரூட்டர்ல பாத்தேன், பாதிக்கு மேல யூடியூப்தான் இழுக்குது. குழாயை 300 ஆக்குனா மாசம் எச்சா கட்டோணும், அப்ப கேபிள் வசூலே பாதிதான் வந்துட்டு இருந்துச்சு. அதனால என்ற மைக்ரோடிக் ரூட்டர்ல ஒரு ரூல் போட்டேன். பொழுதோட 7-ல இருந்து 10 வரைக்கும் யூடியூப் மட்டும் மெதுவா. மத்ததெல்லாம் முழு வேகம். யாருகிட்டயும் சொல்லல. படம் பாக்கறவன் சித்த பொறுத்துக்கட்டும், வேலை செய்யறவனுக்குப் போகட்டும்னு நெனச்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், காசு மிச்சம்ங்கறதும் அதுல இருந்துச்சு, ரெண்டும் உண்மை.

ரெண்டு மாசம் கழிச்சு காலனில ஒரு ஊட்டுல இருந்து கூப்புட்டாங்க. நெட்டு சுத்துதுன்னு. போனேன். மோடத்துல பச்சை லைட்டு, பவர் நல்லா இருக்குது, ஸ்பீடு டெஸ்ட் போட்டா 20 வருது. "எல்லாம் நல்லாத்தானே இருக்குதுங்க"ன்னேன். அந்த ஊட்டுப் புள்ள, பிளஸ் டூ, போனை என்கிட்ட நீட்டுச்சு. வாத்தியாரு பாடத்தை வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டு லிங்கை வாட்ஸ்அப்புல அனுப்பறாரு. ஊட்டுல இருக்கறது ஒரே போனு, அது அப்பாகூட பனியன் கம்பெனிக்கு போயிட்டு ஏழரைக்குத்தான் திரும்பி வருது. ஏழரைல இருந்து பத்துக்குள்ளதான் அந்தப் புள்ள படிக்க முடியும். சரியா நான் எறக்கி வெச்ச நேரம். வேதியியல் பாடம், கரும்பலகைல வாத்தியாரு கையைத் தூக்குனபடியே நிக்கறாரு, வட்டம் சுத்துது.

அதுக்கு மேல ஒண்ணு. பழைய போனு, அதனாலதான் சுத்துதுன்னு நெனச்சு அந்தப் புள்ளயோட அப்பா போன வாரம்தான் தவணைல ஒம்பதாயிரத்துக்கு புதுப் போனு வாங்கியிருக்காரு. அதுலயும் சுத்துதுன்னுதான் எனக்கு போன் பண்ணியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரியே ரூலை எடுத்துட்டேன். மறு மாசம் குழாயை 300 ஆக்குனேன். அவங்ககிட்ட என்ன சொன்னேன் தெரியுங்களா? "மேல கம்பெனில கோளாறுங்க, சரி பண்ணியாச்சு"ன்னு சொன்னேன்.

இதுதான் எனக்கு தெரிஞ்ச நெட் நியூட்ராலிட்டி. எது வேலை எது வெட்டி, எது படிப்பு எது படம்னு குழாய் ஓட்டறவனுக்கு தெரியாது. தெரியும்னு நெனச்சா என்னைய மாதிரி தப்பாத்தான் முடியும். லைன் நல்லா இருக்குதுன்னு டெஸ்ட் காட்டும், அந்த ஊட்டுக்காரங்களுக்கு தங்களோட போனு மேலதான் சந்தேகம் வரும்.

14.7.2025

கோபில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, நான் செஞ்சது சட்டப்படி தப்பான்னு. ஆமாங்க தப்புதான். 2016 விதி ரேட்டைப் பத்தி. வேகத்தைப் பத்தி டிராய் 2017 நவம்பர்ல பரிந்துரை குடுத்து 2018 ஜூலைல டெலிகாம் துறை ஒத்துக்கிச்சு, லைசென்ஸ்லயே சேத்துட்டாங்க. தடுக்கறது, மெதுவாக்கறது, காசு வாங்கீட்டு ஒருத்தனை முன்னால உடறது எதுவும் கூடாது. நெரிசலை சமாளிக்க ஏதாச்சும் செய்யலாம், ஆனா அளவா, தற்காலிகமா, ஜனங்களுக்கு சொல்லீட்டு செய்யோணும். எல்லாரையும் ஒரே மாதிரி மெதுவாக்கி, அதை நோட்டீஸ் ஒட்டியிருந்தா என்ற மேல குத்தம் வந்திருக்காது. எனக்கு அப்ப இந்த விதியே தெரியாது. என்னைய மாதிரி எத்தனை ஊர்க் கேபிள்காரங்களுக்கு இன்னும் தெரியாதோ. விதி டெல்லில இருக்குது, ரூட்டர் என்ற ஊட்டு அட்டாலில இருக்குது.

19.7.2025

சரி, வெலையையே கவர்மெண்டு வெச்சா என்ன ஆவும்னு எனக்கு அனுபவம் இருக்குது. கேபிள் டிவி. 2011-ல அரசு கேபிள்னு 70 ரூபாய்க்கு வந்துச்சு, ஜனங்களுக்கு நல்ல காரியம், மறுக்க மாட்டேன். அப்பறம் 2019-ல டிராய் புது முறை. 100 இலவச சேனலுக்கு 130 ரூபா, ஜிஎஸ்டி சேந்தா 153.40, அதுக்கு மேல வேணுங்கற சேனலை மட்டும் வாங்கிக்கலாம். காகிதத்துல பாத்தா எத்தனை அழகு? பாக்கற சேனலுக்கு மட்டும் காசு. அந்த பிப்ரவரி மாசம் நான் ஊடு ஊடா நோட்டு தூக்கீட்டு போயி சேனல் பேரு எழுதுனேன். ஒரு ஆத்தா "அந்த ஒம்பது மணிக்கு அழுவுதே அந்த புள்ள வர்ற சேனல்"னு சொல்லும், அது எதுன்னு நான் கண்டுபுடிக்கோணும். கடைசில என்ன ஆச்சு? சேனல்காரங்க தனித்தனியா வாங்கறதை வெலை ஏத்தி, பேக்கா வாங்குனா கொறைச்சலுன்னு வெச்சாங்க. எல்லாரும் பேக்குக்கு போனாங்க, எங்க ஊர்ல பெரும்பாலான ஊட்டுக்கு பில்லு முன்னைக்கு எச்சாதான் ஆச்சு. வெலையை ஒரு இடத்துல புடிச்சா இன்னொரு இடத்துல போயி ஒளிஞ்சுக்குதுங்க, வரப்புல எலி மாதிரி.

செல்போன்லயும் பாருங்க, வெலை ஏறாத மாதிரி காட்டறதுக்குத்தான் 28 நாள். வருசத்துக்கு 13 ரீசார்ஜ். எங்க அம்மா சொல்லும், அமாவாசைக்கே இருவத்தொம்பது நாளைக்கு மேல ஆவுது, இவனுக்கு என்ன அதுக்கு முன்னாலயே மாசம் பொறக்குதுன்னு. 2022-ல டிராய் சொன்ன பொறகுதான் ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒண்ணாச்சும், மாசாமாசம் ஒரே தேதிக்கு வர்ற பிளான் ஒண்ணாச்சும் வெக்கோணும்னு ஆச்சு.

20.7.2025

நேத்து எழுதீட்டு படுத்தா தூக்கம் வரல, ஏன்னா 28 நாள் விசயமே நான் சொன்னதுக்கு எதிரா நிக்குது. வெலைல கவர்மெண்டு வரவே வேண்டாம்னு ஆரம்பிச்சேன். ஆனா 30 நாள் பிளானை கவர்மெண்டு அமைப்பு சொல்லித்தானே குடுத்தாங்க?

இன்னொண்ணு எங்க அம்மாயி கதை. பட்டன் போனு. நெட்டுன்னா என்னன்னே தெரியாது. ஆனா கால் வரோணும்னா டேட்டா இருக்கற பிளானைத்தான் போடோணும், வேற வழி இல்ல. பாக்காத யூடியூப்புக்கு அம்மாயி மாசாமாசம் காசு கட்டுச்சு. இதுவும் பாகுபாடுதானுங்களே, தலைகீழா. 2024 டிசம்பர்ல டிராய் சொன்னாங்க, காலுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும்னு பிளான் வெச்சே ஆவோணும், 365 நாள் வரைக்கும் வெக்கலாம்னு. வந்துச்சு. இப்ப அம்மாயி 84 நாளைக்கு ஒருக்கா ஐநூறு ரூபாய்க்குள்ள முடிச்சுக்குது.

அதே மாதிரி டீக்கடைல வெக்கற பிஎம்-வாணி வைஃபை. 2020 டிசம்பர்ல வந்த திட்டம், கடைக்காரங்க லைசென்ஸ் இல்லாம வைஃபை விக்கலாம். ஆனா கடைக்கு லைன் குடுக்க கம்பெனிங்க பெரிய ஆபீஸ் ரேட்டு கேட்டாங்க, எவன் எடுப்பான்? போன மாசம் டிராய் ஒரு உச்சவரம்பு போட்டாங்க, ஊட்டு பிராட்பேண்ட் ரேட்டுல ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. இது நேரடி வெலைக் கட்டுப்பாடுதான். இதை நான் தப்புன்னு சொல்ல முடியுமா? சொல்ல முடியலீங்க.

20.7.2025, ராத்திரி

கடம்பூர் மலைல இருந்து ஒரு அம்மிணி எழுதியிருக்காங்க. "உங்க ஊர்ல நாலு கம்பெனி, புடிக்கலைன்னா மாத்திக்கிறீங்க. எங்க ஊர்ல ஒரே டவரு, அதுவும் பாறை மேல ஏறி நின்னாத்தான். அந்த கம்பெனி என்ன வெலை வெச்சாலும் அதுதான். போட்டி வெலையை பாத்துக்கும்னு எங்ககிட்ட சொல்லாதீங்க." அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க.

அவங்க சொன்னதும்தான் பஸ் ஞாபகம் வந்துச்சு. நம்ம பக்கம் தனியார் பஸ்ஸு எத்தனை, ஈரோடு கோபி சத்தி ரூட்ல ஒண்ணை ஒண்ணு முந்தீட்டுத்தான் ஓடுது. ஆனா டிக்கெட்டு வெலை கவர்மெண்டு வெச்சதுதான், தனியாருக்கும் அதேதான். அதனால மலைக்குப் போற ஒத்தை பஸ்காரரு, வேற பஸ் இல்லைங்கறதுக்காக ரெண்டு மடங்கு கேக்க முடியாது. ஒத்தை டவரு இருக்கற ஊருக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இருக்கோணும்னு இப்ப நெனைக்கறேன். முதல் நாள் நான் சொன்னது நம்பியூர்ல ஒக்காந்து சொன்னது. அதை இந்த அளவுக்கு வாபஸ் வாங்கறேன்.

24.7.2025

யூடியூப், நெட்பிளிக்ஸ்காரங்ககிட்ட கம்பெனிங்க காசு வாங்கட்டும், ஜனங்களுக்கு கொறையுமேன்னு ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. டெலிகாம் கம்பெனிங்க சங்கமும் இதைத்தான் கொஞ்ச வருசமா கேட்டுட்டு இருக்காங்க.

தென்கொரியால இதைப் பாத்துட்டாங்க. 2016-ல இருந்து அனுப்பறவன் காசு கட்டற முறை. அதுல டிவிச்னு கேம் லைவ் போடற கம்பெனி, மத்த நாட்டை உட பத்து மடங்கு செலவாவுதுன்னு சொல்லீட்டு 2024 பிப்ரவரில கொரியாவை உட்டே போயிருச்சு. யூடியூப்காரங்க என்ற மாதிரி ஆளுங்க மேல சும்மா சொமையை ஏத்தறதும் இல்ல. அதிகம் பேரு பாக்கற வீடியோவை கம்பெனிங்க ஆபீஸ்லயே ஒரு பெட்டில போட்டு வெச்சிருக்காங்க, அங்க இருந்தே ஓடும். அதுக்கும் மேல, இழுக்கறது என்ற கஸ்டமர். அவரு என்கிட்ட காசு கட்டீட்டாரு. ஒரே மூட்டைக்கு ஏத்துனவன்கிட்டயும் எறக்குனவன்கிட்டயும் முழு வாடகை வாங்கற லாரிக்காரரை நான் பாத்ததில்ல.

27.7.2025

ஒரு திருத்தம். 299 ரீசார்ஜ் போட்டா ஜியோஹாட்ஸ்டார் 90 நாள் ஓசின்னு இந்த வருசம் ஐபிஎல்லுக்கு குடுத்தாங்களே, அது 2016 விதியை மீறுனதுதானேன்னு கேட்டதுக்கு அவசரத்துல ஆமான்னு சொல்லீட்டேன். இல்லீங்க. அதுல ஓசி சந்தாதான், டேட்டா இல்ல. மேட்ச் பாத்தா உங்க டேட்டா கழியத்தான் செய்யும். விதி டேட்டா ரேட்டைத்தான் புடிக்குது, சந்தாவை புடிக்காது. சரியா தவறான்னா, சின்ன ஓடிடிக்காரனுக்கு இது பாதகம்தான், ஆனா விதிக்குள்ளதான் இருக்குது. வரப்பு எலி மறுபடியும்.

அமெரிக்கா கதையையும் கேட்டாங்க. 2015-ல லைன்காரன் பிரிக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க, 2017-ல எடுத்தாங்க, 2024-ல மறுபடி போட்டாங்க, 2025 ஜனவரில கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. நம்மூர்ல 2016-ல போட்டது இன்னும் நிக்குது. இந்த ஒரு விசயத்துல நம்ம நெலவரம் தேவலைன்னு தைரியமா சொல்லலாம்.

3.8.2025, ஆடிப் பதினெட்டு

பவானி கூடுதுறைக்குப் போயிட்டு வர்ற வழில காலனி ஊட்டுக்குப் போனேன். அஞ்சு வருசம் கழிச்சு. நான் 13-ந் தேதி எழுதுனதை அந்தப் புள்ளயோட அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், வாயால சொல்ல வரல.

கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "அந்தப் போனு இன்னும் ஓடுதுங்க, புள்ள காலேஜுக்கு அதைத்தான் கொண்டு போச்சு"ன்னாரு. நான் ஆறு மாசத்துக்கு உங்க ஊட்டு நெட்டுக்கு வாடகை வேண்டாம்ங்கன்னேன். வேண்டாம்னுட்டாரு. "எனக்கு மட்டும் எதுக்குங்க? அந்த வருசம் ஊர்ல எல்லா ஊட்டுலயும் சுத்துச்சே. செய்யறதுன்னா எல்லாருக்கும் செய்யுங்க"ன்னாரு. அந்தம்மா காபி வெச்சுக் குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன்.

10.8.2025

எல்லா ஊட்டுக்கும் ஒரு மாசம் வாடகை தள்ளுபடி பண்ண என்கிட்ட தெம்பு இல்லீங்க, கணக்குப் போட்டு பாத்துட்டேன். ஆன காரியம் ஒண்ணு செஞ்சேன். ஆபீஸ் வாசல்ல போர்டு எழுதி மாட்டியாச்சு. மேல இருந்து வாங்கற எம்பிபிஎஸ் எத்தனை, எத்தனை ஊடு அதுல ஓடுது, எந்த நேரம் மெதுவாவும், மெதுவானா எல்லா ஆப்பும் ஒண்ணாத்தான் மெதுவாவும், இந்த லைன்ல எதையும் தனியா எறக்கி வெக்கறதில்ல. மாசம் ஒண்ணாந் தேதி புது கணக்கு எழுதறேன்.

முதல் ஆளா வந்து படிச்சது எங்க பெரியப்பா. "எட்டு மணிக்கு மெதுவாவும்னு நீயே எழுதி வெச்சிருக்கியே, ஒறம்பரை எல்லாம் வேற கனெக்சன் பாக்கப் போறாங்கடா"ன்னாரு. போனா போகட்டும்ங்க பெரியப்பா, தெரிஞ்சு போகட்டும்னேன். நேத்து வரைக்கும் ரெண்டு ஊடு போயிருக்குது. நாலு பேரு வந்து, குழாயை பெருசு பண்ண மாசம் முப்பது ரூபா எச்சா ஆவும்னா தர்றோம், ஊர்க்கூட்டத்துல வெச்சுப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. கூட்டம் வெள்ளிக்கெழம ராத்திரி, மாரியம்மன் கோயில் திண்ணைல. பல்லடத்து அண்ணா, முடிஞ்சா வாங்க.